மாசிலாமணி சார் எழுதாத வரிகள்

ஜெயசீலனைப் பற்றிய அந்த மூன்று வரிகளை எழுதியவன் நான். மாசிலாமணி சார் அல்ல. அவர் கையெழுத்துப் போட்டதோடு சரி.

அப்பாடா, சொல்லியாயிற்று! பத்து வருடமாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது. வந்தால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன்... இறங்கவில்லை. எனவே மீதியையும் நீங்கள் கேட்டாக வேண்டும். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் வாய் திறக்கிறேன். தெரிந்தவர்களிடம் சொல்லப் போய், ஒவ்வொரு முறையும் மழையைப் பற்றியும் மின்சார ரயிலைப் பற்றியும் பேசிவிட்டுத் திரும்பியவன் நான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்தது துரோகமா, அல்லது உண்மையைத்தான் எழுதினேனா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சில நாட்கள் துரோகம் என்று தோன்றும். சில நாட்கள், 'அப்படி என்னப்பா பொய் எழுதிவிட்டாய்?' என்று எனக்கு நானே வக்கீலாகிவிடுவேன். நீங்களாவது தெளிவாகச் சொல்வீர்களோ என்று ஒரு நப்பாசை.

ஜெயசீலனும் நானும் தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பி.காம். படித்தோம். எண்பதுகளின் நடுவில். கல்லூரியின் பெயர் வேண்டாம். என் வீடு குரோம்பேட்டையில். அப்பா மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. அவன் வீடு பொழிச்சலூரில்; அவன் அப்பா பல்லாவரத்தில் தோல் பதனிடும் இடத்தில் தினக்கூலி. காலையில் அவன் சைக்கிளில் பல்லாவரம் வந்து ரயில் ஏறுவான். அடுத்த ஸ்டேஷனில் நான் ஏறுவேன். மூன்று வருடமும் கடைசிப் பெட்டி, கடைசி வாசல். எனக்கு முன்னால் அவன் ஏறியிருப்பான் என்பதில் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

இறுதி ஆண்டின் தொடக்கத்தில், அந்தக் கடைசி வாசலில் நின்றபடிதான் அவன் அந்தச் செய்தியைச் சொன்னான்.

வடக்கே ஒரு பெரிய மேலாண்மைக் கல்லூரி. அதன் பெயரும் வேண்டாம். அங்கே புதிதாக ஒரு திட்டம் தொடங்கியிருந்தார்கள். பட்டப்படிப்பின் இறுதி ஆண்டில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். தேறிவிட்டால் இடம் உறுதி. ஆனால் உடனே சேர வேண்டாம். இரண்டு வருடம் எங்காவது வேலை பார்த்துவிட்டு வரவேண்டும். அதுவரை அந்த இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பார்கள்.

"எனக்காகவே போட்டா மாரி கீது மச்சான்" என்றான் ஜெயசீலன். கண்கள் பளபளத்தன. "ரெண்டு வருசம் வேல செஞ்சா அக்கா கல்யாணம் முடிஞ்சிரும். அப்பறம் நான் படிக்கப் போனா அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. சீட்டு அதுவரிக்கும் அங்கியே இருக்கும்டா! எங்கியும் ஓடாது!"

அவனுக்கு வேறு வழியே கிடையாது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். படிப்பு முடிந்த மறுநாள் அவன் வேலைக்குப் போயாக வேண்டும். வேலைக்குப் போனவன் மறுபடி நுழைவுத் தேர்வுக்குப் படிப்பது எங்கள் பக்கத்தில் நடக்கிற காரியமல்ல. இந்த ஒரு கதவுதான். எனக்கோ நான்கு கதவுகள் இருந்தன. நான் நிதானமாக அடுத்த வருடம் வழக்கமான நுழைவுத் தேர்வை எழுதியிருக்கலாம். அப்பா ஒரு வருடம் என்ன, இரண்டு வருடம் கூட என்னை உட்கார வைத்துச் சோறு போட்டிருப்பார்.

ஆனால் அன்று மாலையே, "எனக்கும் ஒரு ஃபாரம் வரவழை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ஆசையா? அவன் போகிற இடத்துக்கு நானும் போகவேண்டும் என்ற நட்பா? அல்லது பொழிச்சலூர்க்காரன் கண்டுபிடித்ததைக் குரோம்பேட்டைக்காரன் விட்டுக்கொடுப்பதா என்ற வீம்பா? மூன்றும் கலந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

அவனோ துள்ளினான்! "ரெண்டு பேரும் சேந்து போலாம்டா! அங்க கூட கடைசி வாசல்ல நிப்போம்!"

அந்த மகிழ்ச்சிக்கு ஒரு மாதம்தான் ஆயுள். கேன்டீனில் ஒரு சீனியர், எல்லாம் தெரிந்தவன் போல ஒரு போடு போட்டான். அந்தத் திட்டத்தில் ஒரு கல்லூரிக்கு ஒரே ஒரு ஆளைத்தான் எடுப்பார்களாம். ஜெயசீலன் சிரித்தான். "அப்டினா நம்பள்ள யாருக்கு வந்தாலும் இன்னொருத்தன் ட்ரீட் கேக்கலாம்" என்றான். நானும் சிரித்தேன். ஆனால் அன்று ரயிலில் அவன் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

இப்போது மாசிலாமணி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கணக்கியல் நடத்தியவர். சேலையூரில் வீடு. ஜெயசீலன் என்றால் அவருக்கு உயிர். தன் சொந்தப் புத்தகங்களைத் தூக்கி அவனிடம் கொடுத்துவிடுவார். அவனுக்கும் அப்படித்தான். கிறிஸ்துமஸ் அன்று சர்ச் முடிந்ததும் அவன் முதலில் போவது சார் வீட்டுக்குத்தான். 'சார் சொன்னாரு' என்று அவன் ஒன்றைச் சொல்லிவிட்டால், அதற்கு மேல் விவாதமே இல்லை.

விண்ணப்பத்தோடு ஒரு பேராசிரியரின் பரிந்துரையும் வேண்டும். அதற்குத் தனித் தாள். இரண்டு கேள்விகள். இந்த மாணவரிடம் நீங்கள் கண்ட சிறப்பு என்ன? நீங்கள் கண்ட முக்கியமான குறை என்ன, ஒரு சம்பவத்துடன் விளக்குக. எழுதியதை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்திட வேண்டும். விண்ணப்பிப்பவர் அதைப் பார்க்கக் கூடாது.

எங்கள் ஊரில் இதெல்லாம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன? எந்தப் பேராசிரியர் உட்கார்ந்து எழுதினார்! 'நீயே எழுதிக் கொண்டா, சைன் பண்றேன்' என்பதுதான் வழக்கம். அதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. மாணவர்கள் தங்களைத் தாங்களே வானளாவப் புகழ்ந்து கொண்டுபோவார்கள். சார்கள் கையெழுத்துப் போடுவார்கள்.

மாசிலாமணி சார் அதிலும் ஒரு படி மேலே போனார். நான் ஹையர் டைப்ரைட்டிங் பாஸ் செய்தவன், ஆங்கிலமும் சுமாராக வரும். ஒரு நாள் என்னை மட்டும் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"இங்க பாருப்பா, எனக்குப் பேப்பர் கரெக்‌ஷன் தலைக்கு மேல கெடக்கு. உன்னோடதையும் ஜெயசீலனோடதையும் நீயே நல்லா எழுதி டைப் அடிச்சுக் கொண்டா. ஆனா அவன்கிட்ட நீ எழுதினேன்னு சொல்லாத. கேண்டிடேட் பாக்கக் கூடாதுன்னு ரூல் போட்டிருக்கான் பாரு. ரூல்னா ரூல்தான்."

ரூலைக் காப்பாற்றிய அழகைப் பாருங்கள்! போட்டியில் ஒருவனைப் பற்றி எழுதும் வேலையை இன்னொரு போட்டியாளனிடம் கொடுத்துவிட்டு, இரகசியம் காப்பாற்றப்பட்டதாக அவர் முழுமனதோடு நம்பினார். கள்ளம் கபடம் இல்லாத மனிதர். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை... இல்லை, கொஞ்சம் இருக்கிறது. அந்தத் தாளை ஏன் என் கையில் கொடுத்தீர்கள் சார்?

அந்தத் தாளில் நான் என்ன எழுதினேன் என்பதற்கு முன்னால், தரைப்பாலத்தின் கதையைக் கேளுங்கள்.

அதற்கு முந்தைய வருடம், கேளம்பாக்கத்துக்கு அந்தப்புறம் ஒரு கிராமத்தில் பத்து நாள் சேவை முகாம் போட்டோம். சார்தான் பொறுப்பாளர். கடைசி நாள் அவர் அவசரமாக முன்னாலேயே கிளம்பிவிட்டார். மாணவர்களைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வரும் பொறுப்பை ஜெயசீலனிடம் கொடுத்தார். இருபத்திரண்டு பேர், ஒரு வாடகை வேன். முதல் நாள் இரவு பெய்த மழையில் வழியிலிருந்த தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

டிரைவர், "தாண்டிர்லாம் தம்பி, இதெல்லாம் ஒரு தண்ணியா?" என்றார். ஜெயசீலன் இறங்கினான். ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்த்தான். திரும்பி வந்தான். எங்கள் ஒவ்வொருவரையும், "நீ இன்னா சொல்ற?" என்று கேட்டான். மறுபடி இறங்கினான். எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு பஸ் சர்ரென்று தாண்டிப் போனது. வேனுக்குள் ஒரே கூச்சல். அவன் அசையவில்லை. இரண்டு மணி நேரம்! பிறகு தண்ணீர் வடிந்து, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கல்லூரி மெஸ்ஸில் பருப்புகூட மிச்சமில்லை. அன்றிலிருந்து ஒரு மாதம் அவனுக்குத் 'தரைப்பாலம்' என்றே பெயர்.

மறுநாள் ரயிலில் என்னிடம் மட்டும் சொன்னான். "கை நடுங்கிட்ச்சு மச்சான். எனக்கும் தெரியும், தாண்டிருக்கலாம். ஆனா இருவத்திரெண்டு பேரு. எவனுக்காவது எதுனா ஆயிருந்தா, அவங்க அம்மாகிட்ட நான் போயி இன்னா சொல்லுவேன்?"

இதைக் கேட்டவன் நான். இதைக் கேட்ட ஒரே ஆள் நான்! இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

குரோம்பேட்டை ஸ்டேஷனை ஒட்டி ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். ஒரு சனிக்கிழமை பிற்பகல், ஓரத்து மெஷினில் உட்கார்ந்தேன். முதலில் என் தாள். குறை என்ற இடத்தில், 'எடுத்த வேலையை முடிக்கும்வரை இவர் உணவையும் மறந்துவிடுகிறார். உடல்நலத்தில் போதிய அக்கறை இல்லை' என்று ஆங்கிலத்தில் அடித்தேன். எப்படி? மூன்று வேளையும் மூக்கு முட்டத் தின்றுவிட்டு, நான்கு மணிக்குக் கேன்டீன் போண்டாவுக்கு முதல் ஆளாய் நிற்பவன் நான்.

அடுத்து அவன் தாள். சிறப்பு என்ற இடத்தில் தாராளமாகவே எழுதினேன். உழைப்பாளி, நேர்மையானவர், கணக்கில் கெட்டிக்காரர். அதில் கஞ்சத்தனம் செய்யவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். குறை என்ற இடத்தில், 'தன்னைப் பற்றிப் பேசவே கூச்சப்படுவார்' என்று ஏதோ ஒன்றை அடித்தேன். அடித்துவிட்டுப் பார்த்தேன். ஒரு கல்லூரிக்கு ஒருவர்...

அந்தத் தாளை உருவிக் கிழித்தேன். இது உண்மை இல்லையே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். சார் எழுதியிருந்தால் உண்மையைத்தானே எழுதியிருப்பார்? என் மனச்சாட்சியைப் பாருங்கள்! என் தாளில் பொய் அடித்தபோது நன்றாகத் தூங்கியது. அவன் தாளுக்கு வந்ததும் விழித்துக்கொண்டு நியாயம் பேசியது.

புதுத் தாளில் அடித்தேன். 'பொறுப்பு கைக்கு வரும்போது இவர் தடுமாறுகிறார். முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் மற்றவர்கள் முகத்தைப் பார்க்கிறார். முகாமிலிருந்து திரும்பும் வழியில், ஒரு பஸ்ஸே கடந்துபோன தரைப்பாலத்தின் முன்னால் இருபத்திரண்டு மாணவர்களை இரண்டு மணி நேரம் காக்க வைத்தார்.'

இதில் பொய் எங்கே இருக்கிறது? சொல்லுங்கள்! தடுமாறினான், அவனே ஒப்புக்கொண்டான். முகங்களைப் பார்த்தான், நானே கண்டேன். இரண்டு மணி நேரம், கணக்குச் சரி. அந்த அம்மாக்களை மட்டும்தான் விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை இரண்டு தாள்களையும் சாரிடம் கொடுத்தேன். அவர் படிப்பார், கோபப்படுவார், அடித்துத் திருத்துவார் என்று எனக்குள் ஒரு பக்கம் எதிர்பார்த்தது. ஏறக்குறைய வேண்டிக்கொண்டது. முதலில் என் தாளை எடுத்துப் படித்தார். சாப்பாட்டை மறக்கும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். "நீயா? நடத்து, நடத்து" என்று கையெழுத்துப் போட்டார்.

ஜெயசீலன் தாளை எடுத்தார். "இவனோடத என்னத்தப் படிக்கிறது? தங்கமான பையன்" என்றார். நேராகக் கீழே போய்க் கையெழுத்துப் போட்டார். அவரே உறையில் வைத்து ஒட்டினார்.

நான் வாய் திறந்திருக்கலாம். 'சார், ஒரு நிமிஷம்' என்றால் போதும். என் வாய் ஏன் திறக்கவில்லை என்பதைப் பத்து வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்... கிடைக்கவில்லை.

இருவருக்கும் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது! அதைப் பார்த்ததும் எனக்கு எத்தனை நிம்மதி தெரியுமா? அந்த வரிகளை யாரும் பொருட்படுத்தவில்லை, நல்லவேளை என்று நினைத்துப் பிள்ளையாருக்குத் தேங்காய் கூட உடைத்தேன். நேர்முகத்தை எழும்பூர் பக்கம் ஒரு ஓட்டலில் வைத்திருந்தார்கள். அவன் தன் அப்பாவின் கல்யாணச் சட்டையைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். எனக்கு முன்னால் அவனைக் கூப்பிட்டார்கள்.

இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்ததும் சிரிக்க முயன்றான். "நீ போ மச்சான். நல்லா பண்ணு" என்றான். நான் உள்ளே போனேன். நன்றாகப் பண்ணினேன். அதுவும் ஒரு வெட்கக்கேடு. அவன் முகத்தைப் பார்த்த பிறகும் என்னால் நன்றாகப் பண்ண முடிந்தது!

திரும்பும்போது எழும்பூர் பிளாட்பாரத்தில் சொன்னான்.

"சார் எழுதிக்கீறாருடா. அந்தத் தரப்பாலம் மேட்டர. 'உங்க புரொஃபசரே எழுதியிருக்காரே, இன்னிக்கு அதே பாலம் வந்தா என்ன பண்ணுவீங்க'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"இன்னிக்கும் காத்துகினுதான் இருப்பேன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். வரல மச்சான். சாரே தப்புன்னு எழுதிக்கீறாருன்னா, அது தப்பாத்தானே இருக்கணும்? 'தெரியல சார்'னு சொல்ட்டேன்."

ரயில் வந்தது. நாங்கள் ஏறினோம். கிண்டி போயிற்று, மீனம்பாக்கம் போயிற்று. ஒவ்வொரு ஸ்டேஷனிலும், இதோ அடுத்ததில் சொல்லிவிடுகிறேன் என்று நினைத்தேன். "சார் மேல கோவமாடா?" என்று மட்டும் கேட்டேன். "கோவமா? சார் பொய் சொல்ல மாட்டாருடா. நம்பள்ட்ட கீற கோளாற நம்பளே பாக்க முடியாதுல்ல. அவரு பாத்துட்டாரு" என்றான். பல்லாவரத்தில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் சைக்கிள் ஸ்டாண்டுக்கு நடந்தான்.

அவனுக்குக் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது.

இரண்டு வருடம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வடக்கே போனேன். முதல் நாளே எனக்கு முதல் அடி விழுந்தது. அதே திட்டத்தில் வந்தவர்களில் இருவர் ஒரே கல்லூரி. திருச்சிப் பக்கத்துக்காரர்கள், அறைத் தோழர்கள்! ஒரு கல்லூரிக்கு ஒருவர் என்பது கேன்டீனில் பொரித்த பொய். அந்தச் சீனியரைத் தேடிப்பிடித்து உதைக்க வேண்டும் போலிருந்தது. பிறகு, உதைபட வேண்டியவன் அவனா என்றும் தோன்றியது.

இரண்டாவது அடி இன்னும் விசித்திரம். அங்கே சேர்க்கை அலுவலகத்தில் மாணவர்கள் உதவி செய்வது உண்டு. ஒரு முறை நானும் போனேன். அங்கிருந்த வயதான எழுத்தர் பரிந்துரை உறைகளைக் கட்டுக் கட்டாக ஓரம் தள்ளினார். "இதையெல்லாம் யார் மதிக்கிறார்கள்? கேள்வி கேட்க வசதியாக ஒரு வரி கிடைத்தால் எடுத்துக்கொள்வார்கள். மற்றபடி மதிப்பெண்ணும் நேர்முகமும்தான்" என்றார் ஆங்கிலத்தில்.

அப்படியானால் என் வரிகளால் அவன் இடம் போகவில்லையா? இல்லை, அந்த வரியை வைத்துத்தானே கேள்வி கேட்டார்கள்... ஆனால் அவன் 'காத்திருப்பேன்' என்று சொல்லியிருந்தால் அதையே மெச்சி எடுத்திருப்பார்களோ? அவனைச் சொல்லவிடாமல் செய்தது எது? சாரின் பெயர். சாரின் பெயரை அங்கே கொண்டுபோய் வைத்தது யார்? ஒவ்வொரு முறையும் சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நிற்கும். வந்ததும் நான் மறுபடி எழுத்தரிடம் ஓடுவேன். தலை சுற்றும்.

விடுமுறையில் வந்தபோது தாம்பரம் மார்க்கெட்டில் சாரைப் பார்த்தேன். கையில் கீரைக்கட்டு. என் படிப்பை விசாரித்துவிட்டு, கொஞ்சம் தயங்கினார்.

"ஜெயசீலனப் பாக்கறியா? அவன் வரதே இல்லப்பா. மூணு கிறிஸ்துமஸ் ஆச்சு. ரெண்டு லெட்டர் போட்டேன், பதில் இல்ல. நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

அவர் கண்ணில் நிஜமான கலக்கம். அந்த இடத்தில், கீரைக்காரிகளுக்கு நடுவில் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும் நான். "கிண்டியில வேலை சார்... ஷிப்ட்டு... நேரமே இல்லையாம்" என்றேன். "அப்படியா? அப்ப சரி. நல்லா இருந்தா சரி" என்று நடந்தார். அடுத்த ஆண்டே பணி ஓய்வு பெற்று மகளோடு வெளியூர் போய்விட்டார். முகவரி வாங்கி வைத்திருக்கிறேன். எழுதவில்லை.

நான் பறித்தது ஒரு இடத்தை மட்டும்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை! அவனிடமிருந்து சாரைப் பறித்தேன், சாரிடமிருந்து அவனை. அதைவிட மோசமான ஒன்றையும் செய்திருக்கிறேன் என்பது இந்த வருடம்தான் தெரிந்தது.

இப்போது எனக்குப் பம்பாயில் வேலை. ஆட்கள், அறை, தொலைபேசி எல்லாம் உண்டு. ஜெயசீலன் கிண்டித் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில், சேர்ந்த நாளிலிருந்து அதே ஸ்டோர்ஸ் உதவியாளர். அக்கா கல்யாணத்தை நடத்தினான். தானும் மணம் செய்துகொண்டான். ஊருக்கு வரும்போதெல்லாம் அவனைப் பார்ப்பேன். அவனிடம் ஒரு மாற்றமும் இல்லை. அதே அன்பு, அதே சிரிப்பு. எனக்குத்தான் அவன் வீட்டில் தண்ணீர் குடித்தால்கூட விக்கும்.

சென்ற மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லியே தீருவது என்று முடிவுகட்டிப் பொழிச்சலூர் போனேன். பல்லாவரத்தில் பஸ் ஏறும்போதே முதல் வாக்கியத்தை மனப்பாடம் செய்தேன். 'ஜெயசீலா, அந்த லெட்டர் சார் எழுதினது இல்ல.' அவ்வளவுதான். ஏழெட்டு முறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன். பம்மல் தாண்டும்போது சரளமாக வந்தது.

வாசலில் அவன் மனைவி மெர்சி. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "கரெக்டா வந்தீங்கண்ணா! நீங்களாச்சும் இவருக்குச் சொல்லுங்க."

உள்ளே மேசையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு ஜெயசீலன் உட்கார்ந்திருந்தான். "வா மச்சான், உன்னத்தான் நெனச்சிகினு இருந்தேன். இத்தக் கொஞ்சம் பாரு. இங்கிலீஷு சரியா கீதான்னு."

வாங்கிப் படித்தேன். தொழிற்சாலை மேலாளருக்கு எழுதிய கடிதம். அவனை ஸ்டோர்ஸ் பொறுப்பாளராக உயர்த்த முன்வந்திருக்கிறார்கள். அந்தப் பொறுப்பை ஏற்கும் தகுதி தனக்கு இல்லை என்றும், இப்போதுள்ள வேலையிலேயே தொடர அனுமதிக்க வேண்டும் என்றும் மிகப் பணிவாக எழுதியிருந்தான்.

"பத்து வருசமா அந்த ஸ்டோர்ஸையே இவுருதாண்ணா தாங்கிகினு கீறாரு" என்றாள் மெர்சி. "மொதலாளியே கூப்ட்டுச் சொல்றாரு. இது ரெண்டாவது வாட்டி. இப்ப வேணாம்னா இனிமே கேக்கவே மாட்டாங்களாம். புள்ளைங்க பெருசாவுதுங்க. இவுரு கேக்கவே மாட்டேன்றாரு."

"இவளுக்குப் புரியல மச்சான். நாப்பது பேரு என் கைக்குக் கீழ. எதுனா ஒண்ணுனா நான்தான் முடிவு சொல்லணும். நம்பளுக்கு அது ஆவாது" என்றான். அவன் வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. ரத்த வகையைச் சொல்வது போல, சாதாரணமாகச் சொன்னான். "சார் அன்னிக்கே கண்டுபுட்டாரு. அவரு எழுதலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது. தெரியாம எங்கனா போயி மாட்டிகினு இருந்திருப்பேன். ஒரு வகைல அவரு எனக்கு நல்லதுதான் செஞ்சிருக்காரு."

தலைக்கு மேலே விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. மீனம்பாக்கம் விமான நிலையம் பக்கத்தில்தான்; அது போய் முடியும்வரை அந்த இரைச்சலில் பேச முடியாது. அந்த அரை நிமிடத்தில் என் வாக்கியம் முழுதாக என் வாயில் இருந்தது.

விமானம் போய்விட்டது. மெர்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் என்ன ஆகும்? இந்தக் கடிதத்தைக் கிழிப்பானா? என்னைக் கிழிப்பானா? அல்லது ஒன்றும் செய்யாமல், 'நீயாடா?' என்று மட்டும் கேட்பானா? அதைத்தான் என்னால் தாங்க முடியாது என்று பட்டது. சரி, சாரின் பெயரே வேண்டாம். 'நீ இந்த வேலைக்குத் தகுதியானவன்டா, ஏத்துக்க' என்றாவது சொல்லியிருக்கலாமே! ஒரு நண்பன் சொல்லக்கூடிய மிகச் சாதாரணமான வார்த்தை. அதுகூட வரவில்லை. அதைச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று உள்ளே ஒரு குழப்பம். பாருங்கள், அந்த நேரத்திலும் எனக்கு என்னைப் பற்றிய குழப்பம்தான்!

"பேனா இருக்கா?" என்று கேட்டேன்.

ஜெயசீலன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். கடிதத்தில் இரண்டு இடங்களில் பிழை இருந்தது. திருத்தினேன். கடைசி வரி சுற்றி வளைத்து எழுதப்பட்டிருந்தது, அதை நேராக்கினேன்.

"இப்ப கரெக்டா கீதா?" என்றான்.

"கரெக்டா இருக்கு" என்றேன்.

மெர்சி எழுந்து உள்ளே போனாள். நான் புறப்படும்வரை அவள் வெளியே வரவில்லை.